ஈட்டி விழும் பக்கம்

ஆலப்புழைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான செத்திப்பறம்பில் இறால் உரிக்கிற ஷெட்டுகள் மூன்று. கடற்கரை ரோட்டை ஒட்டி இருந்ததில் ஜெசிந்தாவுக்கு வேலை. விடிந்ததும் பனிக்கட்டியோடு கொட்டிவிட்டுப் போகிற குவியலைச் சுற்றி நாற்பது பெண்கள் உட்காருவார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, முதுகு நரம்பை நகத்தால் இழுத்து எடுத்து பேசின் பாத்திரத்தில் போட வேண்டும். பத்து மணிக்குள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிடும். அப்புறம் இறால் கொம்பு குத்தினால்கூட ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். கை மரத்துப் போனாலும் வாய் மரத்துப் போகாது; ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்தக் குவியலைச் சுற்றித்தான் முதலில் தெரியவரும்.

ஈஸ்டர் கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்த்தியாயனி சொன்னாள்.

"எடீ ஜெசிந்தா, கிளப்புக் கதவு திறந்து கிடக்கு, பாத்தியா?"

"எவனாவது சீட்டாட வந்திருப்பான்."

"சீட்டாடறவன் தரையைக் கழுவி விடுவானா? சன்னலுக்குப் பெயின்ட் அடிப்பானா?" கார்த்தியாயனி குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் எட்டுப் பேருக்குக் கேட்கும். "பென்னி வந்திருக்கான். குவைத்தை முடிச்சிட்டு மொத்தமா வந்துட்டானாம்."

அன்று ஜெசிந்தாவின் பேசினில் நரம்பு எடுக்காத இறால் நிறையக் கிடந்தது என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தான்.

பதினொரு வருஷத்துக்கு முந்திய ஓணத்தில் நடந்தது அது. அப்போது உதயதீரம் கிளப் என்றால் மாவட்டம் முழுக்கத் தெரியும். மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள் வெளியூர்க் களத்தில் காற்று மாதிரி ஓடும். ஜெசிந்தாவின் புருஷன் கிளீட்டஸ் அதற்கு இணைச் செயலாளர். காலையில் வள்ளத்தில் கடலுக்குப் போவான். மாலையில் கிளப் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவான். ஆண்டு விழாவில் ஈட்டி எறிதல் நடந்துகொண்டிருந்தது. முந்தைய எறி விழுந்த இடத்தில் முளை அடிக்கக் குனிந்தவன் நிமிர்வதற்குள் அடுத்த ஈட்டி வந்துவிட்டது. எறிந்தவன் பென்னி. பத்தொன்பது வயது, கிளப்பின் பெரிய நம்பிக்கை. யாரோ "எறி" என்று சொன்னார்கள், அவன் எறிந்தான். சொன்னது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஈட்டி வலது தோளில் இறங்கி முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தது. நான்கு மாதம் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது, கை நெஞ்சுக்கு மேல் உயரவில்லை. நெஞ்சுக்கு மேல் உயராத கையை வைத்துக்கொண்டு வலை இழுக்க முடியாது. கிளீட்டஸ் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தான். ஜெசிந்தா ஷெட்டுக்குப் போனாள். அவர்கள் மகள் டெல்மாவுக்கு அப்போது நான்கு வயது. பென்னி ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டு வந்தான். ஜெசிந்தா அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் வளைகுடாவுக்குப் போனான். ஒரு வருஷத்தில் கிளப்பும் படுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜெசிந்தா கப்பைக் கிழங்கை வேக வைத்துக்கொண்டிருந்தபோது பென்னி வேலிப்படலுக்கு வெளியே வந்து நின்றான்.

"கிளீட்டஸ் சேட்டா, உள்ள வரட்டா?"

"என்ன வேணும்னு அங்கேயே நின்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா அடுப்படியிலிருந்து.

"நிக்க வெச்சு விசாரிக்க நான் என்ன எஸ்.ஐ.யா?" கிளீட்டஸ் வலையை ஒதுக்கினான். "வாடா. என்னடா இப்படி வீங்கிட்டே? காத்துல மெதந்துடுவே போலிருக்கே."

"ஹோட்டல் அடுக்களை வேலை சேட்டா. நின்ன எடத்திலயே திங்கறதுதான்."

பென்னி கட்டிலின் ஓரத்தில், உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தான். முப்பது வயதுக்குள் தலை முன்பக்கம் வழுக்கை ஏறியிருந்தது. கிளீட்டஸின் தோளைப் பார்க்காமலிருக்க அவன் பட்ட பாடு அடுப்படியிலிருந்தே தெரிந்தது.

"கிளப்பைத் திறக்கலாம்னு சேட்டா. சேட்டன் சரின்னு சொன்னாத்தான்."

"நான் என்ன, என் தோட்டத்தையா குத்தகைக்குக் குடுக்கறேன்?"

"சேட்டன் வேண்டாம்னா இப்பவே பூட்டிடறேன். பதினாலு பிள்ளைங்க கடற்கரையில சும்மா ஓடுதுங்க. நாலஞ்சு நல்லா ஓடுது. ஒரு கிளப் பேரு இருந்தாத்தான் மாவட்ட விளையாட்டு மீட்டுல எடுப்பாங்களாம். பள்ளிக்கூடத்துல பி.டி. சொல்லித் தர மாஷு கெடையாது. இருக்கற மைதானத்துல எல்லாரும் வலை காயப் போடறாங்க. அதான்..."

ஜெசிந்தா கரண்டியோடு வெளியே வந்தாள். பதினொரு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஓடட்டும். தாண்டட்டும். எறியறது மட்டும் இந்த ஊர்ல வேண்டாம்."

பென்னி எழுந்து நின்றுவிட்டான். "இல்ல சேச்சி. எறியறது இல்ல."

"சாப்ட்டுட்டுப் போடா" என்றான் கிளீட்டஸ்.

வீட்டில் மத்தி நான்குதான் இருந்தது. குடம்புளி போட்ட குழம்பில் இருந்து இருப்பதிலேயே சின்னதை எடுத்து ஜெசிந்தா அவன் தட்டில் வைத்தாள். அவன் முள்ளைக்கூட விடாமல் தின்றான். உள் அறை வாசலில் டெல்மா நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, அப்பனைப் போல நீளக் கை, நீளக் கால். அவள் முகம் போன போக்கை அம்மா கவனிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் பனிக்கட்டி லாரி வரவில்லை என்று ஷெட்டை மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். ரப்பர் ஏப்ரனைக் கழற்றாமலே ஜெசிந்தா வீட்டுக்கு நடந்தாள். கிளப் மைதானத்தைச் சுற்றிப் போனால் தூரம் அதிகம். மாதா குருசடி என்ற சின்னச் சிலுவைக் கோவில் பக்கம் குறுக்கே போனால் சீக்கிரம். குருசடி அருகே வந்தபோது மைதானத்தின் மறு மூலையில் ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. கையில் நீளமாக ஒன்று. ஓட்டம் கடைசியில் பக்கவாட்டாகத் திரும்பியது, இடது கால் மண்ணில் ஊன்றியது, வலது கை பின்னாலிருந்து சவுக்கு மாதிரி வந்தது. அந்த நீளமான பொருள் துளிகூட ஆடாமல் வெயிலில் ஏறி, மேலே ஒரு கணம் நின்றது போலிருந்து, மூக்கு தாழ்ந்து, தொலைவில் போய்க் குத்தி நின்றது.

அழகாக இருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அது தன் மகள் என்று தெரிந்தது.

திட்டக்கூட வாய் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். எறிந்ததை எடுக்க இரண்டு சின்னப் பெண்கள் உள்ளே ஓடினார்கள். ஒருத்தி குனிந்து மண்ணிலிருந்து ஈட்டியை அசைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பக்கம் ஒருவன் அடுத்ததை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டான்.

ஜெசிந்தா கத்திய கத்தலில் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த கிழவர் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டார். ஓடியவன் நின்றான். ஜெசிந்தா மைதானத்தின் நடுவே நடந்து போய், பிள்ளைகள் கையிலிருந்த இரண்டு ஈட்டிகளையும் வாங்கித் தரையில் ஒன்றாகச் சேர்த்து வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எறியறது இல்லன்னு சொல்லிட்டுத்தானேடா எங்க வீட்டு மீனைத் தின்னே?"

பென்னி பக்கத்தில் வந்து மண்டியிட்டான். "சொன்னேன் சேச்சி. பத்து நாள் ஓட மட்டும்தான் விட்டேன். இவ கல்லை எடுத்துத் தென்னை மரத்துல எறிஞ்சுக்கிட்டிருந்தா. அந்தக் கையைப் பாத்தா விட மனசு வரல. நீங்களே பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தாள். அதை மறுக்க முடியாததால் கோபம் இன்னும் ஏறியது.

"நான் அதைப் பாக்கல. அந்தச் சின்னது குனிஞ்சு நின்னதைப் பாத்தேன். அதே மாதிரிதான் இவங்க அப்பனும் குனிஞ்சு நின்னான். பதினோரு வருஷம் மணல்ல வெந்துட்டு வந்து நீ என்ன கத்துக்கிட்டே?"

"நான் ஒருத்தன் சேச்சி. ஓட்டத்தைப் பாக்கவா, தாண்டறதைப் பாக்கவா, இதைப் பாக்கவா? பெரியவங்க யாரும் எட்டிப் பாக்கறதில்ல."

டெல்மா தள்ளி நின்று மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். "அம்மச்சி, எழுந்திரு. வளைஞ்சிடும்" என்றாள் மெதுவாக.

வீட்டில் அன்று கஞ்சி ஆறியே கிடந்தது.

"உங்களுக்கும் தெரியும், இல்லையா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

கிளீட்டஸ் வலை ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். "தெரியும். அவதான் சொன்னா. உங்கிட்ட சொல்லாதேன்னும் சொன்னா."

"நல்ல அப்பன்."

"இந்தத் தோள்ல எங்க எரியுது, எப்ப வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? மழை வந்தா உனக்கு முந்தி இதுக்குத் தெரியுது. அதுக்காக அவ கையையும் கட்டிப் போடணுமா?"

"யாரையாவது குத்தினா?"

"அன்னைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு நின்னு, பொறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கை இப்ப கடல்ல இருக்கும். அவ்வளவுதான் விஷயம். நாங்க பதினஞ்சு பேரு நின்னோம். எல்லாரும் ஈட்டி எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்தோமே தவிர, விழற எடத்துல யாரு இருக்கான்னு பாக்கல. நானே பாக்கலயே."

ஜெசிந்தா கஞ்சியைத் திரும்பச் சூடாக்கினாள்.

மறுநாள் ஷெட் விட்டதும் வீட்டுக்குப் போய்க் குளித்து, பழைய சிவப்புப் பாவாடை ஒன்றைக் கிழித்து ஒரு கம்பில் கட்டினாள். இன்னொரு கம்பில் வெள்ளைத் துண்டு. மைதானத்துக்குப் போய், ஈட்டி விழுகிற பக்கத்தின் ஓரமாக, எறிகிறவர்களுக்கு நேராகத் தெரியும்படி நின்றாள்.

"இதோ பாருங்க" என்றாள் பிள்ளைகளிடம். "எனக்கு உங்க விளையாட்டு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது எண்ணறது. பதினாலு தலையும் எறியற கோட்டுக்குப் பின்னால இருந்தாத்தான் வெள்ளை. ஒண்ணு குறைஞ்சாலும் சிவப்பு. சிவப்பு இருக்கும்போது எவனாவது கையைத் தூக்கினா, அந்தக் கையை நான் ஒடிப்பேன். சந்தேகம் இருந்தா டெல்மாகிட்ட கேளுங்க."

"ஒடிப்பாங்க" என்றாள் டெல்மா.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பிள்ளைகள் அவளுக்குச் சிவப்பம்மச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எறிய ஓடுகிறவனை நிறுத்த பென்னி ஒரு விசில் வாங்கிக் கொடுத்தான். அதை ஊதினால் ஷெட் வரைக்கும் கேட்டது. "மாதா கோவில் மணியை நிறுத்திடலாம்டீ, இவ ஊதினா போதும்" என்றாள் கார்த்தியாயனி.

ஜூனில் மழை இறங்கியது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், இறால் வரத்து நின்று ஷெட்டுகள் பாதி நாள் மூடிக் கிடந்தன. மைதானத்தின் பள்ளமான பாதியில் முழங்கால் தண்ணீர், தவளைச் சத்தம். மேடான பாதியில் பிள்ளைகள் ஓடினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்களை ஜெசிந்தா சும்மா விடவில்லை. கழித்துப் போட்ட வலைகளைக் கிளீட்டஸ் ஊரெல்லாம் சொல்லி வாங்கிச் சேர்த்தான். பெண்கள் கிளப் வராந்தாவில் உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று மூட்டினார்கள். கமுகு மரக் கால்கள் நட்டு, ஈட்டி விழுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வலை கட்டினார்கள். வலை காயப் போட வந்தவர்கள், இந்தக் களத்தில் வலைதான் காய்கிறதா பிள்ளைகள்தான் காய்கிறதா என்று கேலி செய்துவிட்டுக் கயிறும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஓடி முடித்த பிள்ளைகள் வாடிப்போய் உட்காருவதைப் பார்த்து, கார்த்தியாயனி ஒருநாள் ஒரு பானைப் பயற்றங்கஞ்சி கொண்டுவந்தாள். மறுநாள் வேறொருத்தி முட்டை. அதற்கு மறுநாள் கப்பையும் காந்தாரி மிளகாய்த் துவையலும். யார் என்றைக்கு என்று தாங்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். ஆகஸ்டில் பிள்ளைகள் இருபத்தாறு ஆனார்கள். இருபத்தாறு தலையை எண்ண ஜெசிந்தாவுக்கு நேரம் பிடித்தது. "சீக்கிரம், அம்மச்சி, கை ஆறிடும்" என்று டெல்மா கத்துவாள். "ஆறட்டும்" என்பாள் இவள்.

கிளீட்டஸ் அதுவரை மைதானத்துக்கு வரவில்லை. ஓணத்துக்கு முந்திய வாரம் வந்தான். வலைக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் வராந்தாவில் கிடந்த இரும்பு டேப்பை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா அருகே வந்தான்.

"நான் போய் அளக்கட்டுமா?"

பென்னி எங்கோ திரும்பிக்கொண்டான். ஜெசிந்தா எல்லாத் தலையையும் எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். சிவப்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"இப்ப போங்க."

அவன் உள்ளே போய்க் குனிந்து அளந்தான். டெல்மாவின் எறி முப்பத்தெட்டு மீட்டர் சொச்சம். திரும்பி வரும்வரை ஜெசிந்தா கையைத் தாழ்த்தவில்லை. அவன் வந்து, "எடீ, கையை எறக்கு, வலிக்கப் போகுது" என்று சொன்ன பிறகுதான் இறக்கினாள்.

மாவட்ட மீட் நவம்பரில், டவுன் மைதானத்தில். உதயதீரம் பெயரில் பதினொரு பேர் போனார்கள். கிளீட்டஸ், பென்னி, ஜெசிந்தா, கார்த்தியாயனி எல்லோரும் ஒரே பஸ்ஸில். ஷெட்டுக்கு ஒருநாள் லீவு சொன்னபோது சூப்பர்வைசர் முறைத்தான். "என்னடீ, நீயும் தாண்டப் போறியா?" என்றான். "உன் தலையைத் தாண்டறேன், குனிஞ்சு நில்லு" என்றாள் கார்த்தியாயனி.

காலையில் ஓட்டங்களில் இரண்டு வெண்கலம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் ஈட்டி எறிதல் மத்தியானத்துக்கு மேல். முதல் இரண்டு இடம் பிடித்தால் மாநில மீட். டெல்மா ஐந்து எறியில் முப்பத்தாறரை வரை போயிருந்தாள்; மூன்றாவது. இரண்டாவது இருந்தவள் முப்பத்தேழு. பயிற்சியில் டெல்மா முப்பத்தொன்பது எறிந்திருக்கிறாள். ஒரு எறி பாக்கி.

ஜெசிந்தா கம்பி வேலிக்கு வெளியே மற்ற அம்மாக்களோடு நின்றாள். கொடி பிடிக்கவும் அளக்கவும் அங்கே அதிகாரிகள் இருந்தார்கள்; தொப்பி போட்டு, பேட்ஜ் குத்தி. அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுத்தில் விசில் தொங்கியது, கழற்றத் தோன்றவில்லை.

டெல்மா ஈட்டியைத் தோளுக்கு மேல் தூக்கினாள். வெள்ளைக் கொடி அசைந்தது. அவள் ஓடத் தொடங்கினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜெசிந்தா பழக்கத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

ரிலே ஓட்டத்துக்காக நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து மூன்று சின்னப் பெண்கள், பத்து வயது இருக்கும், தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் புல்லில் குறுக்கே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் கை போட்டிருந்தாள். அந்த முனையில் கொடி வைத்திருந்தவர் முதுகைக் காட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

விசில் வாய்க்கு எப்போது போனது என்று ஜெசிந்தாவுக்கே தெரியாது.

டெல்மாவின் இடது கால் ஊன்றப் போன நேரம். அந்தச் சத்தம் எது என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஐந்து மாதம் அதற்குக் கட்டுப்பட்டுப் பழகியிருந்தது. கையை விடாமல் நிறுத்தினாள். நிறுத்திய வேகத்தில் தடுமாறி, கோட்டைத் தாண்டி முழங்காலில் விழுந்தாள். ஈட்டி கையிலேயே இருந்தது.

மைதானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "யாரது ஊதினது?" என்று ஒரு அதிகாரி வேலியை நோக்கி வந்தார். ஜெசிந்தா கையை நீட்டிக் காட்டினாள். மூன்று பெண்களும் அதற்குள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்காரர், தான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். கிளீட்டஸ் வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டான். பென்னி அவனுக்குப் பின்னால். கோட்டைத் தாண்டியது தாண்டியதுதான் என்றார் ஒருவர். கடைசியில் தலைமை நடுவர் வந்து, விசாரித்து, இன்னொரு எறி கொடுக்கலாம் என்று முடிவு சொல்லக் கால் மணி நேரம் ஆனது.

டெல்மாவின் முழங்காலில் ரத்தம். கை ஆறிப்போயிருந்தது. அவள் எறிந்தாள். ஈட்டி மேலே ஏறும்போதே வால் ஆடியது. முப்பத்துநான்கு.

மூன்றாவது இடத்துக்கான மேடையில் ஏறி நின்று வெண்கலத்தைக் கழுத்தில் வாங்கிக்கொண்டாள். இறங்கியதும் கழற்றி அப்பன் சட்டைப் பையில் போட்டாள்.

திரும்பி வரும் பஸ் ஆலப்புழையைத் தாண்டும்போது ஜெசிந்தா, மகள் உட்கார்ந்திருந்த இருக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மோளே, அந்தப் பிள்ளைங்க..."

"இடது பக்கமா இருந்தாங்க. ஈட்டி அந்தப் பக்கம் போகாது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். என் ஓட்டம் எனக்குத் தெரியாதா? அஞ்சு எறியிலயும் வராத ஓட்டம் அது. கால் சரியா வந்து விழப் போச்சு. நாப்பது போயிருக்கும்." சன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். "நீ கெடுத்துட்டே."

"அவங்க மேல பட்டிருந்தா?"

"படாது!"

"உங்கப்பன் மேலயும் படாதுன்னுதானே எல்லாரும் நெனச்சாங்க?"

டெல்மா எழுந்து போய் கார்த்தியாயனி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். பிற்பாடு பென்னியிடம் தனியாகக் கேட்டபோது அவன், "ஒரு பத்தடி தள்ளி விழுந்திருக்கும் சேச்சி" என்றான். உடனே, "காத்து இருந்துச்சு. சொல்ல முடியாது" என்றான். "என் ஈட்டியும் அன்னைக்கு நேராத்தான் போச்சு" என்றும் சொன்னான். ஜெசிந்தா அதற்கு மேல் கேட்கவில்லை. ஷெட்டில் இறால் உரிக்கும்போது அந்த மூன்று பெண்களும் குழாய்க்குப் போன வழியை மனதுக்குள் நடந்து நடந்து பார்த்தாள். ஒருநாள் பத்தடியாக இருந்தது. மறுநாள் இரண்டடியாக இருந்தது.

எட்டு நாள் டெல்மா அம்மாவோடு பேசவில்லை. சோற்றை அப்பனிடம் கேட்டு வாங்கித் தின்றாள். மைதானத்துக்கும் போகவில்லை. ஒன்பதாம் நாள் ஜெசிந்தா இரண்டு கொடிகளையும் விசிலையும் கொண்டுபோய்க் கார்த்தியாயனியிடம் கொடுத்தாள்.

"நான் இருந்தா அவ வரமாட்டா. நீ நில்லு. தலையை எண்ணிட்டுத்தான் வெள்ளை, ஞாபகம் வெச்சுக்கோ."

"நாப்பது பேசின் இறாலை எண்ணறவளுக்கு இருபத்தாறு தலை எண்ணத் தெரியாதா? போடீ."

அன்று மாலை டெல்மா மைதானத்துக்குப் போனாள். ஜெசிந்தா வீட்டில் இருந்தாள். அந்த நேரத்தில் வீட்டில் இருந்து வெகுநாள் ஆகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். கிளீட்டஸ் வலையிலிருந்து தலையைத் தூக்கி, "அந்தப் பானை உங்கிட்ட என்ன தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டான். இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாளும்.

நான்காம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே டெல்மா திரும்பி வந்துவிட்டாள். ஓடி வந்த மூச்சு. அடுப்படி வாசலில் நின்று, அம்மாவைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்.

"கார்த்தியாயனி சேச்சி பேசிக்கிட்டே கொடியைத் தூக்கறாங்க."

ஜெசிந்தாவின் கை நின்றது. "என்னது?"

"யாரோ கல்யாணக் கதை சொல்லிட்டு நிக்கறாங்க. கையில எது இருக்குன்னே பாக்கறதில்ல. இன்னைக்கு மூணு பேரு உள்ள இருக்கும்போது வெள்ளையைத் தூக்கிட்டாங்க. நான் எறியல. எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்கேன். பென்னி சேட்டன் ஓட்டத்துப் பக்கம் இருக்காரு." மூச்சு வாங்கினாள். "வா."

ஜெசிந்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தலைமுடியை முடிந்துகொண்டு செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதே" என்றாள் டெல்மா. "அது நாப்பது மீட்டர்."

"நெனைக்கல. நீ முன்னாடி போ, யாரும் எறிய வேண்டாம்னு சொல்லு."

"சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"திரும்பவும் போய்ச் சொல்லு."

டெல்மா ஓடினாள். ஜெசிந்தா மற்றச் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு அவள் பின்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளும் ஓட ஆரம்பித்தாள்.